மறதியை அளந்தவர்

நினைவாற்றலைப் பற்றி அரிஸ்டாட்டில் காலம் தொட்டு அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆயினும், அதனைச் செய்முறை வழியே அளந்து எண்களால் காட்டும் பணியை முறைப்படத் தொடங்கிவைத்த பெருமை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரையே சாரும். நினைவை அளக்கப் புகுந்த அவர், மறதியின் இயல்பையும் உலகுக்கு விளக்கினார்.

1850ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், பார்மென் என்னும் ஊரில் வணிகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். பதினேழாம் வயதில் பான் பல்கலைக்கழகத்தில் வரலாறும் மொழிநூலும் பயிலச் சென்றவரை மெய்யியல் ஈர்த்தது. 1870இல் பிரான்சுடன் மூண்ட போரில் படைப்பணி ஆற்றித் திரும்பி, 1873இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஆசிரியப் பணி செய்து காலம் கழித்தார். அந்நாள்களில் பழைய புத்தகக் கடையொன்றில், ஃபெக்னர் 1860இல் வெளியிட்ட உளஇயற்பியல் நூல் அவர் கைக்குக் கிட்டியது. புலனுணர்வைக் கணக்கால் அளக்கலாம் என்பதை அந்நூல் காட்டியது. நினைவையும் அவ்வாறே அளக்க முற்பட்டார் எபிங்ஹாஸ்.

அவருக்கு ஆய்வுக்கூடம் இல்லை, உதவியாளரும் இல்லை. ஆய்வாளரும் ஆய்வுப் பொருளும் தாமேயாக அமைந்தார். பழகிய சொற்களோடு பழைய எண்ணங்களும் உடன்வரும் என்பதால், இரு மெய்யொலிகளுக்கிடையே ஓர் உயிரொலி வைத்து, பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300 உருவாக்கினார். அவற்றை வரிசை வரிசையாக அடுக்கி, ஒரே சீரான வேகத்தில் படித்து மனப்பாடம் செய்தார். 1879, 1880 ஆகிய ஆண்டுகளில் செய்த ஆய்வை 1883, 1884இல் மீண்டும் செய்து சரிபார்த்தார். உற்சாகம் தரும் பொருள் ஏதுமற்ற இவ்வுழைப்பை நாள்தோறும் குறித்த நேரத்தில் தளராது செய்தமை அவர்தம் மனவுறுதிக்குச் சான்றாகும்.

ஒருமுறை படித்த மாத்திரத்தில் ஏழு அசைகள் வரை அவரால் திருப்பிச் சொல்ல முடிந்தது. பன்னிரண்டாக உயர்ந்தபோது பதினாறு, பதினேழு முறை படிக்க வேண்டியிருந்தது. உடனடி நினைவின் கொள்ளளவு சிறிது என்பதும், அதற்கு மேற்பட்டவை பயிற்சியாலேயே நிலைபெறும் என்பதும் இதனால் புலப்பட்டன.

மறந்துபோனதை அளக்க அவர் கண்ட வழி நுட்பமானது. ஒன்றை மீண்டும் கற்கும்போது முதன்முறையைவிட எவ்வளவு நேரம் மிஞ்சுகிறதோ, அதுவே உள்ளத்தில் எஞ்சியிருக்கும் நினைவின் அளவு எனக் கொண்டார். இருபது நிமிடங்களுக்குப் பின் அந்த மிச்சம் 58 விழுக்காடு. ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. 31 நாள்களுக்குப் பின்னும் 21. மறதி முதலில் விரைந்து இறங்கிப் பின்னர் மெல்ல அடங்கும் என்பதை இக்கணக்கு காட்டிற்று. ஒரே அமர்வில் 68 முறை ஓதிப் பெறும் பயனை, மூன்று நாள்களுக்குப் பகிர்ந்து 38 முறை ஓதியே பெறலாம் என்பதும் அவர் கண்ட உண்மை. மாணாக்கர் ஒவ்வொருவரும் அறியவேண்டியது இது.

பைரனின் டான் ஜுவான் காப்பியச் செய்யுள்களையும் அவர் மனனம் செய்து ஒப்பிட்டார். பொருளும் சந்தமும் இயைபும் கூடிய கவிதைக்கு, பொருளற்ற அசைகளுக்கு வேண்டிய உழைப்பில் பத்தில் ஒரு பங்கே போதுமாயிருந்தது.

1885இல் வெளிவந்த தம் நூலில் நினைவை அவர் மூவகையாகப் பிரித்தார். நாம் முயன்று வரவழைப்பது ஒன்று. முயலாமலே தானாக எழுவது மற்றொன்று. நனவுக்குத் திரும்பாமலே நம் செயலில் பயன் தந்து நிற்பது மூன்றாவது. வெளிப்படை நினைவு, உள்ளுறை நினைவு எனப் பிற்கால உளவியலார் வகுத்த பாகுபாட்டின் வித்து இதில் உண்டு.

1890இல் ஆர்தர் கேனிக் என்பாருடன் இணைந்து உளவியல் ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். எனினும் 1894இல் பெர்லின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பதவி கார்ல் ஸ்டும்ஃபுக்குச் சென்றது. எபிங்ஹாஸ் பிரெஸ்லாவுக்குப் பெயர்ந்தார். அங்கும் ஓய்ந்திராமல், விடுபட்ட சொற்பகுதிகளை நிரப்பும் தேர்வொன்றை அமைத்து, 1897இல் பள்ளிச் சிறாரின் அறிதிறனை ஆராய்ந்தார். 1905இல் ஹாலே பல்கலைக்கழகம் சேர்ந்தார். 1909 பிப்ரவரி 26ஆம் நாள், நுரையீரல் அழற்சியால் தம் 59ஆம் வயதில் மறைந்தார்.

தனியொருவர் தம்மீதே நடத்திய ஆய்வு ஆதலின் அதன் முடிவுகளை ஐயுறுவோர் இருக்கலாம். 2015இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அம்முறையிலேயே மீண்டும் ஆராய்ந்து, ஏறத்தாழ அதே வளைகோட்டைப் பெற்றனர்.

இளமையில் கற்ற அந்தப் பைரன் செய்யுள்களை எபிங்ஹாஸ் 22 ஆண்டுகள் கழித்து மீண்டும் கற்றார். அவை முற்றிலும் மறந்துபோயிருந்தன. ஆயினும், புதிய செய்யுள்களைக் கற்பதைவிடக் குறைந்த உழைப்பிலேயே அவை மனத்தில் பதிந்தன. கற்றதெல்லாம் மறந்துபோயிற்றே என வருந்துவோருக்கு அவர் வாழ்க்கை ஓர் ஆறுதலை விட்டுச் சென்றிருக்கிறது.