தூண்டிற் புலவர் ஐசக் வால்டன்

ஆங்கில நாட்டில் வின்செஸ்டர் நகரத்துப் பேராலயத்துட் செல்வோர், ஆங்குள்ள சிற்றாலயம் ஒன்றின் சாளரத்தில், வண்ணக் கண்ணாடியால் இயன்ற முதியவர் ஒருவரின் உருவத்தைக் காண்பர். ஆற்றங்கரை மரநிழலில் நூலொன்றைக் கையிலேந்தி அவர் அமர்ந்திருக்கின்றார். அருகே தூண்டிற்கோலும் மீன்கூடையும் கிடக்கின்றன. அவர் அரசரல்லர், குருவுமல்லர், துணி விற்றுப் பிழைத்த வணிகர். அவர் இறந்து இருநூற்று முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், 1914-ஆம் ஆண்டில், ஆங்கிலரும் அமெரிக்கருமாகிய தூண்டிற்காரர் பொருள் தொகுத்து அச்சாளரத்தை அமைத்தனர். அவரே ஐசக் வால்டன். அவர் வரலாற்றையும், அவர் நூலால் புகழெய்திய செயற்கை ஈத் தூண்டிலின் இயல்பையும் ஈண்டுச் சிறிது கூறப்புகுகின்றோம்.

வால்டன் 1593-இல் ஸ்டாபோர்டு நகரிற் பிறந்தார். மதுக்கடை நடத்திய தந்தையார், மகனுக்கு நான்கு வயது நிரம்புமுன் காலஞ்சென்றார். இளைஞர் இலண்டன் சேர்ந்து தொழில் பயின்று, 1618-இல் இரும்பு வணிகர் சங்கத்தில் உறுப்பினராயினார். துணி வணிகர் இரும்பு வணிகர் சங்கத்திற் சேர்ந்தமை நமக்கு விந்தையே. அக்காலத்துச் சங்கப் பெயருக்கும் உறுப்பினர் தொழிலுக்கும் பொருத்தம் வேண்டுமென்னும் நியதி இல்லை போலும். அவர் கடை பிளீட் தெருவை அடுத்திருந்தது. பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்தறியாத இவ்வணிகருக்கு, அத்தெருவிலிருந்த புனித டன்ஸ்டன் ஆலயமே கல்லூரியாயிற்று. கவிஞரும் பேரறிஞருமான ஜான் டன் 1624 முதல் அவ்வாலயத்தின் குருவாயிருந்தார். இருவர்க்கும் நட்பு விளைந்தது. டன்னின் சரிதத்தை ஹென்றி வாட்டன் என்பார் எழுதுவதாயும், வால்டன் குறிப்புகள் தேடிக் கொடுப்பதாயும் ஏற்பாடு. 1639-இல் வாட்டன் இறந்துபடவே, குறிப்புத் தேடியவரே நூலாசிரியராயினார். 1640-இல் டன்னின் பிரசங்கத் தொகுதிக்கு முன்னுரையாக அச்சரிதம் வெளிவந்தது. பின்னர் வாட்டன், ஹூக்கர், ஹெர்பர்ட், சாண்டர்சன் என்போர் சரிதங்களையும் அவர் எழுதினார்.

அவ்வாண்டே அவர் மனைவி ரேச்சல் இறந்தார். அவ்வம்மையார் வயிற்றிற் பிறந்த குழந்தைகள் பலருள் ஒருவரேனும் வளர்ந்து ஆளாகவில்லை. 1642-இல் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. வால்டன் அரசர் பக்கத்தவர். அவர்தம் நண்பராகிய குருமார் பலர் பதவியிழந்து அலைந்தனர். 1649-இல் அரசர் முதலாம் சார்லஸ் தலை வெட்டுண்டார். 1651-இல் உஸ்டர் நகரப் போரில் இரண்டாம் சார்லஸ் தோற்றோடியபொழுது, அவருடைய கார்ட்டர் விருதின் பொற்பதக்கம் ஸ்டாபோர்டு நாட்டில் மறைத்து வைக்கப்பட்டது. அதனை வாங்கி இலண்டன் கொணர்ந்து, ஆங்குச் சிறையிலிருந்த அரசப் படைத்தலைவர் கையிற் சேர்த்தவர் ஐம்பத்தெட்டு வயதினராகிய நம் துணி வணிகரே. அகப்பட்டிருப்பின் உயிர் தப்புதல் அரிது. தூண்டிற்காரர் அச்சத்தால் ஒதுங்கி நீர்க்கரை தேடினர் எனக் கருதுவோர் இச்செயலை மறத்தலாகாது.

இஃது நிகழ்ந்து ஈராண்டில், 1653-இல், அவருடைய ‘முற்றிய தூண்டிற்காரர்’ என்னும் நூல் பதினெட்டுப் பென்சு விலைக்கு வெளிவந்தது. மே மாதத்துக் காலையில் தூண்டிற்காரர் ஒருவர் வழிப்போக்கர் ஒருவரைச் சந்தித்து, லீ ஆற்றங்கரையில் உடன் நடந்து, உரையாடலாகவே தம் கலையைக் கற்பிக்கின்றார். கிறிஸ்துநாதர் தம் சீடருள் நால்வரை மீன்பிடிப்போரிலிருந்து தெரிந்தெடுத்தமையும் ஆங்கு எடுத்துக்காட்டப்படுகின்றது. நாட்டில் ஒருவரையொருவர் நம்பாதிருந்த அந்நாளில், அந்நூலுள் வருவோர் ஒரே மேசையில் உண்டு பாடி மகிழ்கின்றனர்.

யாம் அறிந்த தூண்டில், குளத்தங்கரையில் மண்புழு கோத்துத் தக்கையைப் பார்த்திருக்கும் தூண்டிலே. செயற்கை ஈத் தூண்டிலோ வேறு. குளிர்ந்த ஓட்டநீரில் வாழும் டிரவுட் மீன், நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, நீர்மேல் மிதந்துவரும் சிறகுப் பூச்சிகளைக் கவ்வும். அப்பூச்சியின் போலியைத் தூண்டில் முள்ளின்மேற் கட்டுதலே இக்கலை. மெழுகு தேய்த்த பட்டுநூலை முள்ளின் தண்டிற் சுற்றி, கரடி, நரி முதலியவற்றின் மென்மயிரையோ மயிலிறகின் இழையையோ உடலாகப் புனைந்து, நீர்வாத்தின் இறகைச் சிறகாக நிறுத்தி, சேவலின் கழுத்திறகைக் கால்களாகச் சுழற்றிக் கட்டுவர். நரம்போ குதிரை வால் மயிரை முறுக்கியது; கோலருகே பல மயிர், முள்ளருகே ஒன்றிரண்டே. நரம்பைச் சுற்றும் உருளை சால்மன் மீன் பிடிப்போரிடம் மட்டுமே ஒருசிறிது வழங்கிற்று. மற்றையோர் நரம்பைக் கோலின் நுனியிலேயே பிணித்தனர். ஆகவே பெருமீன் ஒன்று இழுத்தோடின் விட்டுக்கொடுக்க நரம்பில்லை. கோலையே ஆற்றில் எறிந்துவிட்டு, மீன் களைத்தபின் மீட்பதும் உண்டு.

இனி, நூலாசிரியர்மீது சுமத்தப்படும் குற்றத்துக்கு வருவோம். வால்டன் பெரும்பாலும் புழுவும் சிறுமீனும் தத்துக்கிளியும் கோத்து மீன் பிடித்தவர். ஈ கட்டும் பகுதியைப் பிறரிடமிருந்தே பெற்றார். அவர் கூறும் பன்னிரண்டு ஈக்கள் 1496-இல் அச்சான பழைய தூண்டில் நூலிலேயே காணப்படுவன. கட்டும் முறையைத் தாமஸ் பார்க்கர் என்னும் சமையற்காரரின் 1651-ஆம் ஆண்டு நூலிலிருந்து எடுத்து, அவர் பெயரைத் தம் முதற்பதிப்பில் வெளிப்படையாகவே சுட்டினார். குரோம்வெல் படையிற் பணியாற்றிய ரிச்சர்டு பிராங்க் என்பார், வால்டன் பிறர் நூல்களைத் திரட்டித் தம் நூலை நிரப்பினார் என 1694-இல் அச்சான தம் நூலில் இகழ்ந்தார். பகைக்கட்சியினர் கூற்றென்று நெடுங்காலம் அதனைத் தள்ளினர். ஆயின், 1577-இல் அச்சான பழைய தூண்டில் நூலொன்றின் ஒரே பிரதி 1954-இல் அகப்பட்டது. அதுவும் உரையாடலே; உரையாடுவோர் பெயர்களும், வால்டன் முதற்பதிப்பில் வழங்கிய அதே இலத்தீன் பெயர்கள். அந்நூலை வால்டன் யாண்டும் குறிப்பிட்டிலர். அக்காலத்தார் எடுத்தாளுதலைக் களவென எண்ணினரல்லர் என்பது உண்மையே. எனினும் சமையற்காரரைச் சுட்டியவர் இவரையும் சுட்டியிருத்தல் தகும் என்றே எமக்குத் தோன்றுகின்றது. வால்டனிடம் அன்புடையோர் இதனை மறைத்துப் பேசுதல் அவருக்குச் செய்யும் நன்மையன்று.

பிறரைச் சார்ந்திருந்த அதே இயல்பு, பின்னர் வேறு வகையில் வெளிப்பட்டது. டவ் ஆற்றங்கரையில் பெரஸ்போர்டு மாளிகையில் வாழ்ந்த சார்லஸ் காட்டன், வால்டனினும் முப்பத்தேழு ஆண்டு இளையவர், பரிகாசக் கவிகள் பாடியவர், கடனில் மூழ்கியவர். குருமார் சரிதம் எழுதிய முதியவருக்குத் தகுந்த தோழரோ எனச் சிலர் ஐயுற்றிருப்பர். வால்டனோ அவரை மகனெனவே கொண்டார். 1674-இல் காட்டன் ஆற்றங்கரையில் கல்லாற் சிறு மனையொன்று கட்டி, வாயிலின்மேல் இருவர் பெயரின் முதலெழுத்துக்களையும் பின்னிப் பொறித்தார். அம்மனை இன்றும் உள்ளது. தம் நூலின் ஐந்தாம் பதிப்பு 1676-இல் வெளிவருங்கால், ஈத் தூண்டிலைப் பற்றிய இரண்டாம் பாகத்தை எழுதுமாறு வால்டன் காட்டனை வேண்டினார். பத்து நாளளவில் அது முடிந்தது. அறுபத்தைந்து ஈக்களை மாதவாரியாக வகுத்து, எவ்வெம்மயிர், எந்நிறப் பட்டு எனக் காட்டன் கூறுகின்றார். தெளிநீரில் மீன் மனிதரைக் காணுமாதலின், நுண்ணிய நரம்பும் நெடுந்தொலைவும் வேண்டுமென்பது அவர் கொள்கை. இரண்டே மயிர் கொண்டு இருபது அங்குல டிரவுட்டைப் பிடிக்க இயலாதவர் தூண்டிற்காரர் என்னும் பெயர்க்குத் தகார் என்பதும் அவர் தீர்ப்பு. புகழ்பெற்ற நூலொன்றின் சிறந்த பகுதியை, எண்பத்துமூன்று வயதில், தம்மினும் வல்லவனென்று ஓர் இளையவனுக்கு விட்டுக்கொடுத்தல் எளிதன்று. எம்மைப்போல் பரிசுக்கட்டுரை எழுதுவோர் அதன் அருமையை நன்குணர்வோம்.

வால்டன் இன்று மீண்டும் வருவாராயின் தம் கருவிகளுட் பெரும்பாலனவற்றை அறியார். மரக்கோலுக்குப் பின், மூங்கிலைப் பிளந்து ஒட்டிய கோல் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிற் சிறந்தது. இரண்டாம் உலகப்போருக்குப்பின் கண்ணாடியிழைக் கோலும், 1970-களில் கரியிழைக் கோலும் வந்தன. குதிரை மயிரின் இடத்தைப் பட்டுப்புழுவின் உடலினின்று உருவிய நரம்பு பற்ற, அதனை 1938-இல் வெளிப்பட்ட நைலான் விலக்கிற்று. 1886-இல் ஹால்போர்டு, நீரில் மூழ்காது மிதக்கும் ஈக்களைக் கட்டும் முறையைத் தனிநூலாக்கினார். நம் மேற்கு மலைகளில் வாழும் காட்டுச் சேவலின் கழுத்திறகும் சால்மன் ஈக்களை அணி செய்யக் கப்பலேறிற்று. இக்காலத்தில் அதன் ஏற்றுமதி தடுக்கப்பட்டுள்ளது. இத்துணை மாற்றத்துக்கிடையிலும் ஈ கட்டுவோர் இன்றும் இறகையும் மயிரையும் நூலாற் கையினாலேயே சுற்றுகின்றனர். காட்டன் இடக்கை விரல்களிற் பிடித்த முள்ளை இவர்கள் சிறு இடுக்கியிற் பிடிக்கின்றனர், அவ்வளவே.

வால்டன் 1683-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள், வின்செஸ்டரில் மருமகனார் இல்லத்தில், தொண்ணூறாம் வயதில் இயற்கையெய்தினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் எழுதத் தொடங்கிய மரண சாசனத்தில், ஜான் டன் தமக்களித்த முத்திரையையே இட்டார். ஸ்டாபோர்டு நகருக்கு அருகிலிருந்த தம் நிலத்தின் வருவாயால், ஏழைச் சிறுவர் இருவரை ஆண்டுதோறும் தொழில் பயில வைக்கவும், எஞ்சியதில் வறியோர்க்கு நிலக்கரி வாங்கிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். அந்நிலக்கரியை ஜனவரிக் கடைசியிலோ பெப்ருவரித் தொடக்கத்திலோ கொடுக்கவேண்டுமென்றும், அப்பொழுதே ஏழைகள் குளிரால் மிக நலிவரென்றும் தம் கைப்படவே எழுதிவைத்தார்.