கடலடியில் ஊர் கட்டும் சிப்பிகள்... 150 ஆண்டுகளுக்கு முன்பே கணக்கு சொன்ன கார்ல் மோபியஸ் யார்?

மோபியஸ்னு சொன்னாலே கணக்குப் புத்தகத்தில் வரும் அந்த முறுக்குப் பட்டைதான் பலருக்கும் ஞாபகம் வரும். அது ஆகஸ்ட் மோபியஸ். நாம பார்க்கப் போறது கார்ல் மோபியஸ். சிப்பி வருமானத்தைக் கூட்ட முடியுமான்னு அரசாங்கம் கேட்ட கேள்விக்குப் பதில் தேடி கடலுக்குப் போனவர், இன்று உலகம் முழுக்க சூழலியல் மாணவர்கள் படிக்கும் ஒரு கருத்தோடு கரை திரும்பினார்.

1825 பிப்ரவரி 7-ம் தேதி, ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் உள்ள ஐலன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வண்டி செய்யும் தச்சர். பையனை வாத்தியார் ஆக்கினால் போதும் என்பதுதான் வீட்டுத் திட்டம். 12 வயதிலேயே அதற்கான பள்ளிக்கு அனுப்பினார்கள். 1844-ல் தேர்வில் தேறி, ஹார்ஸ் மலைப்பகுதியின் சீசன் என்ற ஊரில் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

அலெக்சாண்டர் ஹம்போல்ட்டின் எழுத்துகள் அவரை அங்கே நிம்மதியாக இருக்க விடவில்லை. கிடைத்த வேலையை விட்டுவிட்டு, 24 வயதில் மறுபடி மாணவராக பெர்லின் போனார். படிப்பு முடிந்ததும் 1853-ல் ஹாம்பர்க்கின் ஜோஹானியம் பள்ளியில் வேலை. விலங்கியல், வேதியியல், இயற்பியல், புவியியல் என எல்லாப் பாடமும் அவர் தலையில். அதற்கு நடுவில்தான் கடல் அவரைப் பிடித்துக்கொண்டது. 1858-ல் முத்துகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1863-ல் ஹாம்பர்க் உயிரியல் பூங்காவில் ஜெர்மனியின் முதல் கடல்நீர் மீன்காட்சியகம் திறந்ததற்குப் பின்னால் இருந்தவரும் இவர்தான். ஹைன்ரிஷ் அடால்ஃப் மேயர் என்ற தொழிலதிபரோடு சேர்ந்து கீல் விரிகுடாவின் உயிரினங்களை வருஷக்கணக்கில் அலசினார். அதன் முதல் தொகுதி 1865-ல் வந்தது. 1868-ல் கீல் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியர் ஆக்கியது.

அரசு கேட்ட கேள்வி

1864 போருக்குப் பிறகு டென்மார்க்கிடமிருந்த ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் பகுதி பிரஷ்யாவின் கைக்கு வந்தது. கூடவே சில்ட், ஆம்ரும், ஃபோர் தீவுகளை ஒட்டிய வாடன் கடலில் இருந்த சிப்பிப் படுகைகளும் வந்தன. அதே காலத்தில் பிரான்ஸில் அர்க்காஷோன் போன்ற இடங்களில் செயற்கை முறையில் சிப்பி வளர்த்துப் பணம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்ம கடலிலும் அது முடியுமா? இதுதான் அரசின் கேள்வி.

மோபியஸ் படுகைகளைச் சுற்றிப் பார்த்தார். பிரான்ஸ், இங்கிலாந்து கரைகளுக்கும் போய்வந்தார். அவர் சொன்ன பதில் அரசு விரும்பிய பதில் இல்லை. அர்க்காஷோன் அடைபட்ட, அமைதியான நீர்ப்பரப்பு. வாடன் கடலில் புயல் அடிக்கும், சேறு இடம் மாறும், குளிர்காலத்தில் பனிக்கட்டி மோதும். இங்கே அது சரிவராது என்று சொல்லிவிட்டார். அவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அது தூசி படிந்த ஒரு கோப்பாகவே போயிருக்கும்.

இரண்டு சிப்பிகள், 325 உயிர்கள்

படுகையில் இழுத்த வலையைப் படகின் தளத்தில் கொட்டினால் சிப்பி மட்டும் விழவில்லை. நண்டுகள் குவியலிலிருந்து வெளியே ஓடும். காலிச் சங்குகள் தானாக நகரும், உள்ளே துறவி நண்டு. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, புழுக்கள், கடற்பஞ்சு, விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மென்பவளம்... பக்கத்திலேயே உள்ள வெறும் சேற்றிலோ மணலிலோ வலை போட்டால் இந்தக் கூட்டம் கிடைப்பதில்லை.

மோபியஸ் ஒருமுறை இரண்டே இரண்டு சிப்பிகளை எடுத்து, ஓட்டின் மேல் ஒட்டி வாழ்ந்த உயிர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். ஒன்றில் 104, இன்னொன்றில் 221. (பொறுமைக்கு ஒரு விருது இருந்தால் இதற்கே கொடுக்கலாம்.)

ஏன் இவ்வளவு கூட்டம்? அந்தக் கடலடி பெரும்பாலும் சேறும் மணலும்தான். ஒட்டிக்கொண்டு வாழும் உயிர்களுக்குக் கால் ஊன்ற கெட்டியான இடம் வேண்டும். அந்த இடமே சிப்பி ஓடுதான். சிப்பிக் குஞ்சு கொஞ்ச நாள் நீந்தி அலையும், அப்புறம் ஏதாவது கடினமான பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு இன்னொரு சிப்பியின் ஓட்டைவிட வசதியான இடம் இல்லை. இப்படி ஓட்டின் மேல் ஓடு சேர்ந்து, பல தலைமுறைகளில் சந்துபொந்துகளோடு ஒரு குடியிருப்பே உருவாகிறது. சின்ன உயிர்கள் ஒளிய வரும், அவற்றைத் தின்ன மீன்கள் வரும். கூடவே, சிப்பி உணவுக்காகத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டே இருக்கும். நன்கு வளர்ந்த ஒரு ஐரோப்பியச் சிப்பி நாளொன்றுக்கு 200 லிட்டர் வரை வடிகட்டும் என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள்.

1877-ல் வெளிவந்த தன் சிப்பி நூலில் இந்தக் கூட்டு வாழ்க்கைக்கு மோபியஸ் ஒரு பெயர் வைத்தார். பயோசினோசிஸ். கிரேக்கத்தில் உயிர், பொது என்ற இரண்டு சொற்களைச் சேர்த்த சொல். தமிழில் உயிர்ச்சமூகம் எனலாம். எக்காலஜி என்ற சொல்லை ஹெக்கல் 1866-லேயே உருவாக்கியிருந்தார். ஆனால் அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கும் என்பதை ஒரு படுகையை வைத்துக் காட்டியவர் மோபியஸ்.

எவ்வளவு பிடிக்கலாம்?

நூலின் முக்கியமான பகுதி என்று எனக்குத் தோன்றுவது அவர் போட்ட கணக்குதான். ஒரு சிப்பி லட்சக்கணக்கில் குஞ்சு பொரிக்கிறதே, பிடிச்சா என்ன குறையப் போகுது? அன்றைய பொது நினைப்பு இது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளில் ஒன்றுதான் முழுதாக வளர்கிறது என்று மோபியஸ் கணக்கிட்டார். ஷ்லெஸ்விக் படுகைகளில் முழுதாக வளர்ந்த ஆயிரம் சிப்பிகளுக்குப் பாதி வளர்ந்தவை சுமார் 420 மட்டுமே இருந்தன. அடுத்து அந்த இடத்துக்கு வரப்போவது அவ்வளவுதான். அதற்கு மேல் பிடித்தால் வட்டியை விட்டு முதலில் கைவைக்கிற கதை.

பிரான்ஸின் ரோஷ்ஃபோர், மரென், ஒலெரோன் படுகைகளை அவர் உதாரணம் காட்டினார். 1854-55 பருவத்தில் அங்கே கிடைத்தது ஒன்றரைக் கோடி சிப்பி. பத்தே வருஷத்தில், 1863-64-ல், வெறும் 4 லட்சம். சிப்பி போன இடத்தில் வேறு மட்டிகள் குடியேறிவிட்டன. ஒரு உறுப்பினரை அளவுக்கு மீறி எடுத்தால் முழுச் சமூகமும் மாறிவிடும் என்பதற்கு அவர் கண்ட சாட்சி அதுதான். ரயில் வந்து உள்நாட்டு ஊர்களுக்கெல்லாம் சிப்பி போக ஆரம்பித்ததும், விலை ஏறியதும் இந்த வேட்டையைத் தூண்டுவதையும் அவர் கவனித்தார்.

நூலை உலகம் படிக்காமல் இல்லை. சில வருஷங்களிலேயே அமெரிக்க மீன்வள ஆணையம் ஆங்கிலத்தில் வெளியிட்டது. படித்தார்கள், பிடிக்கவும் செய்தார்கள்.

மோபியஸ் அதற்குள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். 1874-75-ல் மொரிஷியஸ், செஷல்ஸ் பயணம். கனடாப் பாறையில் கிடைத்த மிகப் பழைய உயிரின் எச்சம் என்று பலர் நம்பிய ஒன்று, உயிரே இல்லாத கனிம அமைப்பு என 1878-ல் நிறுவினார். 1888-ல் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்தார். அங்கே எல்லாவற்றையும் மக்கள் முன் கொட்டி வைக்காமல், தேர்ந்தெடுத்தவை காட்சிக்கு, மீதி ஆய்வுக்கு என்று பிரித்தது அவர் முடிவு. இப்போ நாம எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் பெரும்பாலும் பார்ப்பது அந்த ஏற்பாடுதான். 80 வயதில், 1905-ல் ஓய்வு. 1908 ஏப்ரல் 26-ல் பெர்லினில் காலமானார்.

அவர் வலை இழுத்த படுகைகள் என்ன ஆயின? 20-ம் நூற்றாண்டின் முதல் பாதிக்குள் வாடன் கடலின் பூர்வீகச் சிப்பிப் படுகைகள் அழிந்துபோயின. வலை சிப்பியை மட்டும் அள்ளவில்லை, அடுத்த தலைமுறை ஒட்டவேண்டிய ஓடுகளையும் சேர்த்தே அள்ளியது. பழைய பதிவுகளைத் தோண்டி 2024-ல் வெளியான ஆய்வு, ஐரோப்பியக் கடல்களில் ஒரு காலத்தில் குறைந்தது 17 லட்சம் ஹெக்டேரில் இந்தச் சிப்பித் திட்டுகள் இருந்ததாகச் சொல்கிறது.

சில்ட் தீவில் 1986-ல் பண்ணைக்காகக் கொண்டுவரப்பட்ட பசிபிக் சிப்பி, பண்ணையைத் தாண்டிப் பரவி இன்று வாடன் கடலில் தானாகவே திட்டு கட்டி வாழ்கிறது. பூர்வீகச் சிப்பிக்கோ இன்னும் மனுஷ உதவி வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனம் ஹெல்கோலாண்ட் தீவில் குஞ்சு பொரிக்க வைத்து, வடகடலின் போர்க்கும் பாறைத்திட்டில் விட்டுவருகிறது. அங்கே முதல் வேலை, குஞ்சு ஒட்டுவதற்குக் கடலடியில் கல் போட்டுக் கொடுப்பது.