'ஒயிட் கிறிஸ்மஸ்' தந்த இர்விங் பெர்லின்

டிசம்பர் பிறந்தால் கடை, லிப்ட், டிவி என்று எங்கும் கேட்கும் ஆங்கிலப் பாட்டு 'ஒயிட் கிறிஸ்மஸ்'. பாடியவர் பிங் கிராஸ்பி என்று நம்மில் பலருக்குத் தெரியும். எழுதி மெட்டமைத்தவர் இர்விங் பெர்லின். அவர் கிறிஸ்தவர் அல்ல, யூதர். கிறிஸ்மஸ் நாளிலேயே பெரிய துக்கத்தையும் கண்டவர். அவரைப் பற்றி இந்த இதழில் எழுதலாம் என்று தோன்றியது.

1888-ல் ரஷ்யப் பேரரசில் பிறந்தார். இயற்பெயர் இஸ்ரேல். அங்கே யூதர்களுக்குப் பாதுகாப்பு இல்லாததால் 1893-ல் குடும்பம் நியூயார்க் வந்து சேர்ந்தது. அப்பா யூதர்களின் வழிபாட்டில் பாடுபவர். பெர்லினுக்கு 13 வயதில் அவர் இறந்துபோனார். பையன் வீட்டை விட்டுக் கிளம்பி, மதுக்கடைகளில் பாடி, கிடைத்த சில்லறையில் வயிற்றைக் கழுவினான். பிறகு சைனாடவுனில் ஒரு கடையில் பாடிக்கொண்டே பரிமாறும் வேலை. 1907-ல் வந்த முதல் பாட்டுக்குக் கிடைத்தது வெறும் சில்லறைதான். நாலே வருடத்தில் 'அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்' அவரை உலகப் புகழ் ஆக்கிவிட்டது.

இதில் வேடிக்கை, அவருக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. பியானோவில் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளில்தான் வாசிப்பார். சுருதி மாற்றுவதற்கென்றே நெம்புகோல் வைத்த பியானோ ஒன்று வைத்திருந்தார். அவர் வாசிக்க, உதவியாளர் எழுதிக்கொள்வார்.

குடும்ப வாழ்க்கையில் அடி மேல் அடி. 1912-ல் கல்யாணமான சில மாதங்களிலேயே முதல் மனைவி டைபாய்டில் போய்விட்டார். 1926-ல் எலின் மெக்கே என்ற கத்தோலிக்கப் பெண்ணை, அவருடைய கோடீஸ்வர அப்பாவின் எதிர்ப்பை மீறி மணந்தார். 1928 டிசம்பர் 25 அன்று, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத அவர்கள் ஆண் குழந்தை இறந்தது. இந்தப் பாட்டில் துள்ளல் இல்லாமல் ஓர் ஏக்கம் இருக்கிறதே, அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

பாட்டுக்கு முதலில் வேறொரு தொடக்கம் இருந்தது. பனியே விழாத கலிபோர்னியா வெயிலில் இருப்பவர் சொந்த ஊர்ப் பனியை நினைப்பதாக வரும். பின்னால் அவரே அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்.

1941 கிறிஸ்மஸ் அன்று கிராஸ்பி இதை முதன்முதலாக ரேடியோவில் பாடினார். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து 18 நாள்தான் ஆகியிருந்தது. 1942 மே 29-ல் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். அதே வருடம் 'ஹாலிடே இன்' படத்திலும் பாட்டு வந்தது. கடல் கடந்து போன அமெரிக்கச் சிப்பாய்கள் படை வானொலியில் இதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 1943-ல் ஆஸ்கர் மேடையில் சிறந்த பாடலை அறிவிக்க வந்தவர் பெர்லின். உறையைப் பிரித்தால் அவர் பாட்டு! தனக்குத்தானே பரிசு கொடுத்துக்கொண்டார்.

இசைத்தட்டு அச்சிட்டு அச்சிட்டு மூலத்தகடே தேய்ந்துபோனதால் 1947 மார்ச்சில் கிராஸ்பி மறுபடி பாடிக் கொடுத்தார். நாம் இன்று கேட்பது பெரும்பாலும் அந்தப் பதிவுதான். வங்கியில் ரப்பர் ஸ்டாம்ப் தேய்ந்து மாற்றியிருக்கிறோம். பாட்டுக்கு அப்படி நடந்தது எனக்கு ஆச்சரியம்தான். விற்பனை 5 கோடிக்கு மேல் என்கிறது கின்னஸ்.

1957-ல் எல்விஸ் பிரெஸ்லி பாடியது பெர்லினுக்குத் துளியும் பிடிக்கவில்லை. ரேடியோக்காரர்கள் போடவே கூடாது என்றார். இதில் மட்டும் நான் அவர் கட்சி இல்லை.

1983-ல் கிறிஸ்மஸுக்கு முந்தைய இரவு நியூயார்க்கில் அவர் வீட்டு வாசலில் ரசிகர்கள் சிலர் நின்று இந்தப் பாட்டைப் பாடினார்கள். 95 வயதுக்காரர் அவர்களை உள்ளே அழைத்து நன்றி சொன்னார். 1989 செப்டம்பரில் காலமானபோது அவருக்கு வயது 101.