டிஃபனி விளக்கு தெரியும்... கிளாரா டிரிஸ்காலைத் தெரியுமா?

வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்த, குடை மாதிரி கவிழ்ந்திருக்கும் மேஜை விளக்கைப் பார்த்திருப்பீங்க. அதுதான் டிஃபனி விளக்கு. நியூயார்க்கைச் சேர்ந்த லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனிதான் இவற்றை வடிவமைத்தார் என்றே சுமார் 100 ஆண்டுகளாக நம்பப்பட்டது. ஆனா, அவற்றில் புகழ்பெற்ற பல விளக்குகளை வடிவமைத்தவர் அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்த கிளாரா டிரிஸ்கால்.

அமெரிக்காவின் ஓஹியோ மாகாணத்தில் 1861-ல் பிறந்தவர் கிளாரா. சிறு வயதிலேயே அப்பாவை இழந்தார். கிளீவ்லாந்தில் டிசைன் படித்துவிட்டு 1888-ல் நியூயார்க் வந்து, டிஃபனி நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த வருஷமே கல்யாணம், கூடவே வேலையும் போனது. கல்யாணமான பெண்கள் அங்கே வேலை பார்க்க முடியாது என்பது விதி. 1892-ல் கணவர் இறந்த பிறகுதான் அந்தக் கதவு மறுபடி திறந்தது. இந்த முறை, பெண்களின் கண்ணாடி வெட்டும் பிரிவுக்கே தலைவி!

வேலை சாதாரணமானது இல்லை. நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும், மேலே பெயின்ட் அடிப்பது ரொம்பக் குறைவு. அதனால் ஒவ்வொரு கண்ணாடித் தகட்டையும் வெளிச்சத்தில் பிடித்து, எந்த இடம் இதழுக்குப் பொருந்தும், எது இலைக்குச் சரி என்று தேட வேண்டும். வெட்டிய துண்டின் ஓரத்தில் மெல்லிய செம்புத் தகடு சுற்றி, பக்கத்துத் துண்டோடு பற்றவைப்பார்கள். ஊதாப் பூச்சரம் தொங்குவது போன்ற 'விஸ்டீரியா' விளக்கில் மட்டும் கிட்டத்தட்ட 2,000 துண்டுகள். கிளாராவின் தட்டான்பூச்சி விளக்கு 1900-ம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் வென்றது.

தங்களைப் போலவே பெண்களும் ஜன்னல் கண்ணாடி செய்வது ஆண் தொழிலாளர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர்களின் சங்கத்தில் பெண்களுக்கு இடமும் இல்லை. 1903-ல் ஸ்டிரைக் மிரட்டல் வந்தது. டிஃபனி பெண்கள் பிரிவை மூடவில்லை. ஆனா, 27 பேருக்கு மேல் கூடாது என்ற நிபந்தனைக்குச் சம்மதித்தார்.

1909-ல் கிளாரா மறுமணம் செய்துகொண்டார், டிஃபனி வேலையும் அத்தோடு முடிந்தது. பின்னாளில் பட்டு ஸ்கார்ஃப்களில் ஓவியம் தீட்டினார். 1944-ல் காலமானார்.

உண்மை வெளியே வந்தது அம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் அவர் எழுதிய கடிதங்களால்தான். எந்த விளக்கை எப்படி வரைந்தார், பட்டறையில் என்ன தகராறு, எல்லாமே அதில் இருந்தன. மார்ட்டின் ஐடல்பெர்க், நீனா கிரே உள்ளிட்ட ஆய்வாளர்கள் அவற்றைப் படித்துப் பொருத்திப் பார்த்தனர். 2007-ல் நியூயார்க் ஹிஸ்டாரிகல் சொசைட்டி நடத்திய கண்காட்சியில், அந்த விளக்குகள் கிளாராவின் பெயரோடு வைக்கப்பட்டன.