சூரியனின் பின்னே நடந்த ஆசிரியர்

பங்குனி, சித்திரை மாதங்களின் நண்பகலில் தென்காசியில் மொட்டை மாடியில் வெறுங்காலுடன் நிற்க இயலாது. அந்த வெப்பத்தை வீணாக்குவானேன் என்று, மரப்பெட்டியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் கரி பூசிய பாத்திரமும் கொண்டு சூரிய அடுப்பு செய்து பார்க்க முனைபவர் முதலில் கற்கும் பாடம் ஒன்றுண்டு. சூரியன் நிற்பதில்லை, மணிக்கு 15 பாகை நகர்ந்துகொண்டே இருக்கிறது. அரை மணி நேரம் கவனியாது விட்டால் ஒளி பாத்திரத்தை விட்டு விலகத் தொடங்கிவிடும். சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகள் காற்று வரும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல, அடுப்பும் வெயிலைப் பார்த்துத் திரும்பியாக வேண்டும்.

இந்தப் பாடத்தை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கற்று, தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை அதற்கே அளித்தவர் அகஸ்டின் மூஷோ. 1825-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் பிரான்ஸின் செமூர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் பணியைத் தொடங்கி, கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்று, பின்னர் மேல்நிலைப் பள்ளிகளில் கணிதம் கற்பித்தார்.

அக்காலத்தில் ஐரோப்பாவின் ஆலைகள் பலவும் நிலக்கரியை நம்பியே இயங்கின. பூமிக்குள் இருக்கும் கரி ஒருநாள் தீரும். அன்று தொழில்கள் என்ன செய்யும் என்ற கேள்வி மூஷோவை உறுத்தியது. 1860-இல் அவர் ஆய்வில் இறங்கினார். கண்ணாடி மூடிய பெட்டி வெயிலின் வெப்பத்தை உள்ளேயே சிறைப்படுத்தும் என்பதை 1767-லேயே சுவிட்சர்லாந்து அறிஞர் சொசூர் காட்டியிருந்தார். மூஷோ அதனுடன் ஆடியை இணைத்தார். கரி பூசிய செம்புப் பாத்திரம், அதன்மேல் கண்ணாடி உறை, சுற்றிலும் வெள்ளி முலாம் பூசிய ஆடி. ஆடி ஒளியைக் குவித்தது. கண்ணாடி வெப்பத்தைக் காத்தது. அந்த அடுப்பில் இறைச்சி வெந்தது, ரொட்டி சுடப்பட்டது, நீர் கொதித்தது.

கொதித்த நீரின் ஆவியால் எந்திரத்தை ஓட்டுவது அடுத்த படி. 1866-இல் மூஷோ தம் சூரிய எந்திரத்தைப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனிடம் காட்டினார். 1869-இல் சூரிய வெப்பமும் அதன் தொழிற்பயன்களும் குறித்து நூல் வெளியிட்டார். பின்னர் கூம்பு வடிவப் பேராடியை, பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் பொருத்தி, பகல் முழுதும் சூரியனோடு சேர்ந்து சுழலும்படி அமைத்தார். வெயில் இல்லாத வேளைக்காக, சூரிய வெப்பத்தால் மின்சாரம் உண்டாக்கி, நீரைப் பிரித்துச் சேமிக்க முடியுமா என்றும் ஆராய்ந்தார்.

கரியும் விறகும் அரிதான, வெயில் மிகுந்த அல்ஜீரியாவுக்குப் பிரெஞ்சு அரசு 1877-இல் அவரை அனுப்பியது. அது காலனி ஆட்சியின் தேவைக்கான பயணம் என்பதை மறப்பதற்கில்லை. மறு ஆண்டு பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் அவருடைய பேராடி நிறுவப்பட்டது. வெயிலின் வெப்பத்தைக் கொண்டே அவர் பனிக்கட்டி உண்டாக்கிக் காட்டியபோது கூட்டம் வியந்தது. தங்கப் பதக்கம் கிடைத்தது.

அதே காலத்தில் அவருடைய சிந்தனை இந்தியாவிலும் வேர்விட்டது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் துணைப் பதிவாளர் வில்லியம் ஆடம்ஸ், மூஷோவின் வெள்ளி ஆடி விலை மிக்கது, விரைவில் மங்கக்கூடியது என்று கண்டு, சாதாரணத் தட்டைக் கண்ணாடிகளை அரைவட்டத் தடத்தில் நகரும் சட்டத்தில் பொருத்தினார். அவர் செய்த சூரிய அடுப்பில் ஏழு படைவீரர்களுக்கான உணவு, ஜனவரி மாத வெயிலிலேயே இரண்டு மணி நேரத்தில் வெந்தது. 1878-இல் அவரும் இது குறித்து நூல் எழுதினார்.

ஆயினும் மூஷோவின் வெற்றி நீடிக்கவில்லை. இருப்புப் பாதைகள் பெருகின; பிரிட்டனுடனான வணிக உடன்பாடு நிலக்கரியை மலிவாக்கியது. மோன்பெல்லியேயிலும் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைனிலும் அவருடைய எந்திரங்களைச் சோதித்த அரசு, அவை கட்டுப்படியாகாதவை என்று முடிவு செய்தது. எந்திரம் வேலை செய்யவில்லை என்று எவரும் கூறவில்லை. அன்றைய கரி விலையோடு ஒப்பிட்டார்கள், அவ்வளவுதான். உதவியாளர் ஆபெல் பிஃப்ர் 1882-இல் பாரிஸ் பூங்காவில் சூரிய ஆவியால் அச்சு எந்திரத்தையே ஓட்டிக்காட்டியும் அம்முடிவு மாறவில்லை. மூஷோ கணிதத்திற்கே திரும்பினார். முதுமையில் வறுமை சூழ்ந்தது. 1912-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், 87-ஆம் வயதில் பாரிஸில் மறைந்தார்.

அந்தக் கணக்கில் விடுபட்டது எது? கரியின் அன்றைய விலை எழுதப்பட்டது. கரி தீரும் என்பதும், அது எரிந்து விடும் புகைக்கு விலை உண்டு என்பதும் எழுதப்படவில்லை. 1950-களில் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய குழியாடி அடுப்பும் சந்தையில் நிலைக்காமல் போயிற்று. மலிவான எரிபொருள் கைக்கெட்டும் வரை, வெயிலில் நின்று ஆடியைத் திருப்பிக்கொண்டிருக்க எவரும் விரும்புவதில்லை.

அந்தச் சிரமத்திற்கும் விடை உண்டு. ஆரோவில்லின் பொதுச் சமையற்கூடத்தின் மேல் 15 மீட்டர் விட்டமுள்ள ஆடிக் கிண்ணம் அசையாமல் இருக்கிறது. ஒளியை ஏற்கும் கொதிகலன் மட்டும் கணினியின் வழிகாட்டலில் சூரியனுக்கேற்ப நகர்கிறது. மூஷோ ஆடியைச் சுழற்றித் தீர்த்த சிக்கலுக்கு இது மற்றொரு தீர்வு.

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் சூரிய அடுப்பு மூடித்தான் கிடக்கும். ஆனால் அதே மாதங்களில்தான் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று ஆலைகளைச் சுழற்றுகிறது. இயற்கை ஒரு கையை மூடும்போது மறு கையைத் திறக்கிறது. எதையும் இன்றைய விலையை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடலாகாது என்பதே அந்தக் கணித ஆசிரியரின் வாழ்க்கை நமக்கு விட்டுச்சென்ற கணக்கு. அதைச் சரியாகப் போடும் பொறுப்பு இப்போது நம்முடையது.