முகில்மலையில் வாலஸ்

ஆல்பிரெட் ரஸ்ஸல் வாலஸ் என்பாரின் பெயரை அறியாதார் நம் மாணவருள் மிகச் சிலரே யாவர். உயிர்களின் தோற்றம் பற்றிய கொள்கையில் டார்வினோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுபவர் அவர். ஆயினும், பறவை தேடி மலையும் கடலும் அலைந்த வழிப்போக்கராக அவரை நாம் நன்கு அறிந்திலேம். ஆதலின் அப்பகுதியையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இவர் 1823-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் பிறந்தார். வறுமையால் இளமையிலேயே பள்ளி நீங்கித் தமையனாரோடு நிலமளக்கும் தொழில் செய்தார். 1848-ல் பேட்ஸ் என்னும் நண்பருடன் அமேசான் ஆற்று நாட்டுக்குக் கப்பலேறினார். செல்வர் அல்லராகலின், பறவைத் தோலும் பூச்சியும் தொகுத்து லண்டனுக்கு அனுப்பி விற்றே உயிர்வாழ வேண்டியிருந்தது. உடன் உழைக்க வந்த தம்பி ஹெர்பர்ட் 1851-ல் மஞ்சட்காய்ச்சலுக்கு இரையானார். மறு ஆண்டு தாயகம் திரும்புகையில், ஆகஸ்டு 6-ஆம் நாள், நடுக்கடலிற் கப்பல் தீப்பற்றியது. சில படங்கள் அடங்கிய தகரப்பெட்டியொன்றும், நீரில் விழுந்து பிழைத்த கிளியொன்றுமே மிஞ்சின. பத்து நாள் திறந்த படகில் மிதந்தபின் வேறொரு கப்பல் அவரை ஏற்றிக்கொண்டது.

பொருளை எரித்த தீ அவர் கற்றதை எரிக்கவில்லை. ஆற்றின் ஒரு கரையில் வாழும் குரங்கினம் மறுகரையில் இல்லாமையை அவர் கண்டிருந்தார். முன்னோர் தொகுத்தவற்றிலோ இன்ன ஊர், இன்ன கரை என்ற குறிப்பே அரிது. எது என்ற வினாவினும் எங்கே என்ற வினா பெரிதென உணர்ந்து, 1854-ல் சிங்கப்பூர் வந்திறங்கினார். எட்டாண்டுகள் மலாய்த் தீவுகளிற் சுற்றினார். பாலித் தீவுக்கும் லம்பொக்குத் தீவுக்கும் இடைப்பட்ட குறுகிய கடலைக் கடந்த அளவில் பறவைகள் வேறாதலை 1856-ல் கண்டு வியந்தார். பிற்காலத்தார் அவ்வெல்லைக்கு அவர் பெயரையே இட்டனர்.

நிற்க. 1861-ல் அவர் ஜாவாத் தீவின் மேற்குப் பகுதியில் மெகமெண்டுங் என்னும் மலைக்கணவாயை அடைந்தார். அப்பெயரின் முற்பகுதி நம் மேகம் என்னும் சொல்லே என்பது தமிழ் மாணவராகிய நமக்கு உவகை தருகின்றது. ஏறக்குறைய 4,500 அடி உயரத்தில், மலைச்சாலைக் காவலன் குடிசையிலே தங்கிப் பறவை தேடினார். காலமோ மழை தொடங்குங் காலம். பச்சையும் மஞ்சளும் விரவிய தீக்காக்கை ஒன்று. புதரிடையே அனற்பொறி போலப் பறக்குஞ் சிறு செம்பறவை ஒன்று. கருமையும் செம்மையும் கலந்த அரிய மாங்குயில் ஒன்று. இவை அங்கு அவர்க்குக் கிட்டின. தாழ்நிலத்தில் எத்துணை நாள் தேடினும் இவை அகப்படா.

பின்னர்ப் பங்கராங்கோ மலை ஏறினார். 7,500 அடியில், காண்டாமிருகத்தின் பெயர்பெற்ற வெளியொன்றிலிருந்த மூங்கிற் குடிலை அடைந்தபோது, அடர்ந்த மூடுபனியும் தூறலும் சூழ்ந்துகொண்டமையால் அன்று மேலே செல்லவில்லை. அங்கேயே தங்கிப் பின்னர் இருமுறை உச்சிக்குச் சென்றார். ஏறுந்தோறும் செடிகள் படிப்படியாக மாறின. மரப்பெரணிகள் நின்றன, மரங்களைப் பாசி போர்த்தியது, உச்சியில், நிலநடுக்கோட்டுக்கு அண்மையில், தம் தாய்நாட்டுப் பூச்செடிகளின் உறவினங்கள் மலர்ந்திருந்தன. அமேசானில் ஆறும், லம்பொக்கில் கடலும் செய்ததை ஈண்டு உயரமே செய்ததென்க. முகில் சூழ்ந்த கொடுமுடி வானிடை மிதக்கும் ஒரு தீவன்றோ!

இவையெல்லாம் துப்பாக்கியாற் பெற்ற அறிவு என்பதை நாம் மறைக்கமாட்டோம். இந்நாளில் தொலைநோக்கியும் ஏடும் கொண்டு அம்மலைக்குச் செல்வார் கொல்லாமலே காண்கின்றனர். வாலஸ் கொன்றார், விற்றார். ஆனால் 1857-ல் ஆருத் தீவில் அரசச் சொர்க்கப் பறவையைக் கையிலேந்திய வேளையில், நாகரிக மாந்தர் இக்காட்டுட் புகின் இவ்வழகு அழியுமே என்று அவர் வருந்தியதும் உண்மை. அவர் பெயரால் விளங்கும் கொடியிறகுச் சொர்க்கப் பறவையை 1858-ல் பச்சான் தீவில் முதலில் எய்து கொணர்ந்தவன் சாரவாக்கு இளைஞனான அலி. பெயர் தலைவர்க்கு ஆயிற்று. அலி அவனுக்குரிய புகழை இன்னும் முழுமையாகப் பெற்றிலன் என்பதே எம் எண்ணம்.

1862-ல் வாலஸ் தாயகம் சேர்ந்தபோது அவர் திரட்டியவை 1,25,660. அவற்றுட் பறவைகள் 8,050. ஒவ்வொன்றின் காலிலும் கட்டிய சிறு சீட்டில் இடம் எழுதப்பெறும். 1869-ல் மலாய்த் தீவுகளைப் பற்றிய நூலை வெளியிட்டு, 1913 நவம்பர் 7-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் இயற்கை எய்தினார்.

2009-ல் இங்கிலாந்தில் டிரிங் என்னும் ஊரிலுள்ள பொருட்காட்சிசாலையில் ஓர் இளைஞன் இரவிற் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினான். வாலஸ் தொகுத்தனவும் அவற்றுள் இருந்தன. இறகுகள் மீன்தூண்டிற் பொய்ப்பூச்சி கட்டுவோர்க்கு விலையாயின. திருட்டு வெளிப்பட்டபின் ஒரு பகுதி மீண்டு வந்தது. இறகு குலையாது வந்தவற்றுள்ளும் பலவற்றின் காலிற் சீட்டு இல்லை. அவை எத்தீவின, எம்மலையின என்று இனிக் கூறுவார் ஒருவரும் இலர்.