40 வாட்ல ஒரு நகரத்தையே பேசவெச்சவர்! - மெட்ராஸுக்கு ரேடியோ தந்த கிருஷ்ணசாமி செட்டி

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட நாள். மரங்கள் சாய்ஞ்சது, கரன்ட் போச்சு, பல இடங்கள்ல செல்போன் சிக்னலும் போச்சு. அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் இருக்கிறவங்க அதை லேசுல மறக்க மாட்டாங்க. ஊருக்கே மின்சாரம் தயாரிக்கிற இடமா இருந்தாலும், புயலுக்கு அதெல்லாம் தெரியாதே!

டவர் இல்லாம ஒரு ஊர் இன்னொரு ஊரோட பேச முடியுமா? முடியும். ஒரு பேட்டரி, ஒரு ரேடியோ செட், ஒரு ஆன்டெனா, அதை இயக்கத் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தா போதும். இவங்களைத்தான் 'ஹாம்'னு சொல்றோம். சம்பளத்துக்காக இல்லாம, ஆர்வத்துக்காக ரேடியோவைக் கையில் எடுத்தவங்க. சென்னையில இந்த ஆர்வத்துக்கு 100 வயசு தாண்டிடுச்சு. அந்தக் கதை சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவரிடமிருந்து ஆரம்பிக்குது.

இங்கிலாந்தில் மின் பொறியியல் படிச்சுட்டு மெட்ராஸ் திரும்பியவர் அவர். லண்டனில் பிபிசி ஒலிபரப்பைத் தொடங்கினதே 1922 நவம்பர்லதான். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரேடியோ கிளப்புகள் 1923-ல் ஒலிபரப்பைப் பரிசோதிச்சுப் பார்த்தாங்க. மெட்ராஸில் அரசாங்கமோ, பெரிய கம்பெனியோ இதுக்காக வரல. அதனால, செட்டி காத்திருக்கல. தன்னை மாதிரி ஆர்வம் உள்ளவங்களைச் சேர்த்து, 1924 மே 16-ல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். கவர்னர் கோஷன் பிரபுவின் ஆதரவும் கிடைச்சது.

இரண்டரை மாசம்தான். ஜூலை 31-ல் எழும்பூர் ஹாலோவேஸ் கார்டனிலிருந்து கிளப்பின் ஒலிபரப்பு ஆரம்பமாச்சு. டிரான்ஸ்மிட்டரின் சக்தி வெறும் 40 வாட். ஒரு பழைய குண்டு பல்புக்குத் தேவையான அளவு! பிறகு அதை 200 வாட்டாக உயர்த்தினாங்க. இசையும் பேச்சும் காற்றுல மிதந்து வீட்டுக்குள்ள வந்தது அன்றைய மெட்ராஸுக்குப் பெரிய அதிசயம்.

ஆனா அதிசயத்துக்கும் செலவு உண்டு. வானலையில் போற பாட்டுக்கு வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்க முடியாது. ரிசீவர் வெச்சிருக்கிற யாரும் கேட்கலாம். செலவு மட்டும் கிளப் தலையில். மூணு வருஷம் தாக்குப் பிடிச்சாங்க. 1927 அக்டோபரில், பணம் இல்லாம ஒலிபரப்பு நின்னுபோச்சு.

கதை இங்கேயே முடிஞ்சிருக்கலாம். டிரான்ஸ்மிட்டரைப் பிரிச்சு வித்திருக்கலாம், மூலையில் போட்டுத் துருப்பிடிக்க விட்டிருக்கலாம். கிளப் அப்படிச் செய்யல. அதை மெட்ராஸ் மாநகராட்சிகிட்ட ஒப்படைச்சாங்க. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ரிப்பன் கட்டடத்திலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கியது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வெச்சாங்க. வீட்ல ரேடியோ வாங்க வசதி இல்லாதவங்களும் மணல்ல உட்கார்ந்து பாட்டு கேட்டாங்க. பள்ளிப் பிள்ளைகளுக்கும் நிகழ்ச்சி வந்தது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் மெட்ராஸ் நிலையம் வரும் வரைக்கும் இந்தச் சேவை ஓடுச்சு.

செட்டி செஞ்சது ஒலிபரப்பு. ஒருத்தர் பேச, ஊரே கேட்கும். இன்றைய ஹாம்கள் செய்றது இருவழிப் பேச்சு. ஆனா அடிப்படை ஒண்ணுதான்: யாராவது செய்வாங்கனு காத்திருக்காம, கருவியைத் தயாரா வெச்சிருக்கிறது. 2004 டிசம்பரில் ஒரு ஹாம் குழு அந்தமான் போயிருந்தது. பொழுதுபோக்காகத் தொலைதூர நாடுகளோட பேசத்தான் போனாங்க. 26-ம் தேதி சுனாமி வந்தது. அதே செட், அதே ஆன்டெனா வழியா தீவுல இருக்கிறவங்களைப் பத்தின தகவலை அவங்க வெளியே அனுப்பினாங்க. சுனாமி வந்த பிறகு கருவி தேடியிருந்தா அது நடந்திருக்குமா?

ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் அனல் மின் நிலையம், துறைமுகம், தொழிற்சாலைகள். அத்திப்பட்டு மாதிரி ஊருக்கு இந்தப் பாடம் ரொம்பப் பொருந்தும். ஹாம் ஆக 12 வயசு ஆகியிருந்தா போதும். மத்திய தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்துற தேர்வுல பாஸ் பண்ணி, லைசென்ஸ் வாங்கணும். லைசென்ஸ் இல்லாம அலையில் பேசுறது சட்டப்படி குற்றம். உள்ளூருக்குள்ள பேச, கையடக்கமான வி.ஹெச்.எஃப் செட் போதும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டணும்னா ஹெச்.எஃப் செட் வேணும். அந்த அலை வானத்துல அயனி மண்டலத்துல பட்டுத் திரும்பி பூமிக்கு வரும். நடுவுல டவர், கேபிள் எதுவும் தேவையில்லை. கரன்ட் இல்லைன்னா கார் பேட்டரியிலகூட ஓடும்.

செட்டியோட கிளப் ஓடினது மூணு வருஷம் சொச்சம்தான். ஆனா அவங்க கைமாத்திக் கொடுத்த கருவி அதுக்கப்புறமும் ஊருக்கு உழைச்சது. அடுத்த புயல் எப்போன்னு நமக்குத் தெரியாது. அதுக்குள்ள நம்ம தெருவுல ஒருத்தராவது அந்தத் தேர்வை எழுதியிருந்தா நல்லது. அது ஏன் நீங்களா இருக்கக் கூடாது?